பாய்மரத்தில் சுட்ட கேக்

முட்டையை நான் ஒருநாளும் மன்னித்ததில்லை. அவித்தாலும் பொரித்தாலும் பரோட்டாவோடு சேர்த்துக் கொத்தினாலும் அந்த வீச்சம் மூக்கில் ஏறியவுடன் எழுந்து வெளியே போய்விடுவேன். நான் பிரெஞ்சு வகுப்பு எடுக்கும் பள்ளியில், ஆசிரியர் அறைக்குள் யாராவது டிபன் டப்பாவைத் திறந்தால் உள்ளே ஆம்லெட் இருப்பதை வராந்தாவில் நின்றே சொல்லிவிடுவேன். ஹோட்டலில் டம்ளரை முகர்ந்து பார்க்காமல் தண்ணீர் குடிக்க மாட்டேன். அலட்டல் என்பார்கள். அலட்டல் என்றே இருக்கட்டும். முட்டை அடித்த கிண்ணத்தைத் தேய்த்த அதே நாரால் தேய்த்த டம்ளரில் தண்ணீர் குடிப்பவர்கள் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

வீட்டில் எனக்கு மூக்குக்காரி என்று பேர். ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் அழுகத் தொடங்கும் தக்காளி, மழை நாளில் சரியாகக் காயாத துண்டு, பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் நேற்றைக்கு முன்தினம் போட்ட சட்டை, எல்லாம் என்னிடம் தாமாகவே வந்து சொல்லிவிடும். இது ஒரு வரம் என்று யாராவது சொன்னால், அவரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மார்க்கெட் குப்பைத் தொட்டிப் பக்கம் அழைத்துப்போய்க் கொஞ்ச நேரம் நிற்க வைக்கலாம் என்று தோன்றும்.

இதில் மீனைச் சேர்க்கக் கூடாது. நாங்கள் காலாப்பட்டுப் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் பிறந்தவர்கள். அப்பா பாய் கட்டிய மரப்படகில் போய்வந்தவர். அம்மா கூடையோடு டவுன் பஸ் ஏறியவர். மீனுக்கு வாடை உண்டு என்பதே எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் டவுன் பிள்ளைகள் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்துகொண்டு, "உன் மேல வாட அடிக்குதுடி" என்பார்கள். எந்த வாடை என்று நான் என் பாவாடையை, பையை, உள்ளங்கையை எல்லாம் முகர்ந்து பார்ப்பேன். சோப்பு வாசனைதான் வரும். வகுப்பில் பிரெஞ்சில் நான்தான் முதல், அந்தப் பொறாமையில் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். கல்யாணமாகி ரெட்டியார்பாளையத்துக்கு வந்து, தலையில் நரை விழுந்த பிறகும் அந்த முடிவை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

எனக்கு ஒரே தம்பி. மூலக்குளத்தில், வில்லியனூர் ரோட்டில் கிரில் சிக்கன் கடை வைத்திருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் குத்திய கோழிகள் நெருப்புக்கு முன்னால் சுற்றிக்கொண்டே இருக்கும் கடை. நல்லபடியாகத்தான் ஓடியது. பிறகு ஒருநாள் ஒருவர் பார்சலைத் திரும்பக் கொண்டுவந்து மேசை மேல் வீசினாராம். கோழி நாறுகிறது என்றாராம். என் தம்பி என்ன செய்தான் தெரியுமா? பார்சலைப் பிரித்து ஒரு துண்டை எடுத்து, கூட்டம் பார்க்க வாயில் போட்டு மென்று, "நல்லாதானே சார் கீது?" என்று கேட்டிருக்கிறான். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அழுகிய கோழியை விற்றதே கேவலம், அதை நின்று தின்று காட்டுவது அதைவிடக் கேவலம். அந்த மாதமே கடையை மூடிவிட்டான். மூடியது நல்லது என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் மதாம் வந்தார். பிரான்சில் தெற்கே மலைப்பக்கம் வெகுகாலம் வாழ்ந்துவிட்டு, கணவருடைய ராணுவப் பென்ஷனோடு ஊர் திரும்பிய தமிழ் அம்மாள். ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக் காபிக் கடை நடத்துகிறார். அவருக்கு ஒரு கேக் ஆசை. அந்த மலைப்பக்கத்தில் கல்யாணம், ஞானஸ்நானம் எதுவானாலும் ஒரு மரக்கட்டையை நெருப்புக்கு முன்னால் சுற்றவிட்டு, அதன் மேல் மாவைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, அடுக்கடுக்காக வேகவைத்து ஒரு கேக் செய்வார்களாம். கத்தோ அ லா ப்ரோஷ் என்று பேர். கம்பிக் கேக் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஊரில் அதைச் சுடுகிற அடுப்பு இல்லை. என் தம்பியின் கோழி மிஷினை யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்து பார்த்துவிட்டு, "இதுல செய்ய முடியும் பிள்ளை, முயற்சி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கேக் நன்றாக வந்தால் சனி, ஞாயிறுகளில் மிஷினை அவர் கடை வாசலிலேயே போட்டுக்கொள்ளலாம். வராவிட்டால் மிஷின் இரும்புக் கடைக்கு, தம்பி வளைகுடாவுக்கு. ஹோட்டல் சமையலறை வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் ஒருவர் அவனுடைய பாஸ்போர்ட்டைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இரண்டும் சின்னவை. அவனுக்குப் போக விருப்பமில்லை. அவன் பெண்டாட்டிக்கு அனுப்பவும் விருப்பமில்லை.

"அக்கா, நீதான் பிரெஞ்சு படிச்சவ. அந்தக் கேக்க எப்படிப் பண்றதுன்னு படிச்சுச் சொல்லேன்" என்று வந்து நின்றான். கூடவே இன்னொரு கோரிக்கையும். அவன் வீட்டுக்காரர் மிஷினை மாடியில் வைக்க விடவில்லை, என் வீட்டுக் கொல்லைப்புறம் வேண்டும்.

ஒரு பிரெஞ்சுச் சமையல் புத்தகத்தைத் தேடிப்பிடித்துப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குக் குமட்டியது. உலகத்தில் இப்படி ஒரு கேக்கை ஒரு ஊரோடு விடவில்லை. ஜெர்மனிக்காரர்களுக்கு இது மரக் கேக். குறுக்கே வெட்டினால் அடிமரம் மாதிரி வளையம் வளையமாகத் தெரிய வேண்டுமாம். லித்துவேனியாவில் பக்கவாட்டில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும், போலந்திலும் அப்படித்தான். ஸ்வீடனில் முட்டையும் சர்க்கரையும் உருளைக்கிழங்கு மாவும் சேர்த்து ஆள் உயரத்துக்கு எழுப்புகிறார்கள். ஹங்கேரியில் மாவைக் கயிறு மாதிரித் திரித்துக் கட்டையில் சுற்றுகிறார்கள். ஈ.சி.ஆர். ரோட்டில் ஐஸ்கிரீம் அடைத்து விற்கிறார்களே குழாய் மாதிரி ஒன்று, அது இந்த வகையறாதான். ஜப்பானில் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு இந்த வளையத்தைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்புகிறார்கள். இந்தோனேசியாவில் கம்பி இல்லை, தட்டிலேயே ஒரு பூச்சு ஊற்றி மேலே அனல் காட்டி, அது வெந்ததும் அடுத்த பூச்சு. கோவாவில் தேங்காய்ப் பால் சேர்த்து அதே வேலை. தேசம் மாறுகிறது, கட்டை மாறுகிறது, முட்டை மட்டும் மாறவில்லை. எல்லா ஊரிலும் கூடை கூடையாக முட்டை.

நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு விவிகம் என்று ரவை போட்டு ஒரு கேக் செய்வார்கள். அதிலும் முட்டை உண்டு. ஆனால் ரம்மில் ஊறிய பழம் அந்த வீச்சத்தைக் கழுத்தைப் பிடித்து அமுக்கிவிடும். அதை நான் தின்பேன். இந்தக் கம்பிக் கேக்கில் அமுக்குவதற்கு எதுவும் இல்லை. முட்டை, வெண்ணெய், சர்க்கரை, மாவு. ஒரு சொட்டு ஆரஞ்சுப் பூத் தண்ணீர் விடுவார்களாம், அது எந்த மூலைக்கு?

மிஷின் வந்து இறங்கிய அன்று நான் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்தியும் பயனில்லை. பல வருஷத்துக் கோழிக் கொழுப்பு பழுப்பு மெழுகாக அதன் மூலைமுடுக்கெல்லாம் உறைந்திருந்தது. அடித்தட்டை இழுத்தால் கறுத்த எண்ணெயில் இறகுத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. "இதத்தான் ஜனங்க தின்னுச்சா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். "தின்னுட்டு நல்லாதான்க்கா இருந்தாங்க" என்றான். காஸ்டிக் சோடா போட்டு, வெந்நீர் ஊற்றி, நாள் முழுக்கத் தேய்த்தான். கொழுப்பு உருகிக் கொல்லையில் வழிந்த இடத்தில் என் கறிவேப்பிலைச் செடி பட்டுப்போனது. அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

கட்டைதான் அடுத்த தொல்லை. கோழி குத்தும் கம்பி மெல்லியது, மாவு அதில் நிற்காமல் வழிந்துவிடும். முதலில் சவுக்குக் கட்டையைக் கடைந்து பொருத்தினான். சூடு ஏறியதும் அது படபடவென்று வெடித்து, கோடு விட்டது. கோட்டுக்குள் மாவு போய்க் கருகி, பிசுபிசுவென்று வெளியே தள்ளியது. சீழ் வைத்த கட்டி மாதிரி இருந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு ஒரு நாள் வழவழவென்று கடைந்த புதுக் கட்டை ஒன்றைக் கொண்டுவந்தான். ஒரு பக்கம் பருத்து, மறு பக்கம் சிறுத்து, புத்தகத்தில் போட்டிருந்த படத்தில் உள்ளது போலவே இருந்தது. தேன் நிறம், ஒரு கீறல் இல்லை.

"இன்னா மரம்டா?"

"அப்பாவோட பாய்மரம்க்கா. குப்பத்து வூட்டுக்குப் பின்னால சும்மாதான கிடந்துச்சு. அறுத்து, லேத்துல குடுத்துக் கடைஞ்சேன். உப்புத் தண்ணியிலயும் வெயில்லயும் வெடிக்காத மரம், அடுப்புலயா வெடிக்கப் போவுது?"

எனக்கு அது சரியான யோசனையாகத்தான் பட்டது. அப்பா அந்த மரத்தை வெடிக்க விட்டதே இல்லை. வருஷா வருஷம் சுறா எண்ணெயைக் காய்ச்சி, கந்தலில் தோய்த்து, அடியிலிருந்து நுனிவரை தேய்த்து ஊறவிடுவார். படகு போன பிறகு அம்மா அந்த மரத்தை இரண்டு கவட்டையில் கிடத்தி அதன் மேல்தான் கருவாடு காயப்போட்டார். கட்டையைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது. "இதுல ஒண்ணும் இல்ல, தாராளமாப் போடு" என்றேன். என் மூக்கு சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

கட்டைக்கு மேல் பழுப்புக் காகிதத்தைச் சுற்றி நூல் கட்டி வெண்ணெய் தடவினான். அடுத்தது முட்டை. அட்டை அட்டையாக வாங்கி வந்திருந்தான். நான் மூக்கில் சந்தனம் தடவி, துப்பட்டாவால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று பிரெஞ்சைப் பார்த்துத் தமிழில் அளவு சொன்னேன். அவன் மிஷின் நெருப்பைப் பார்த்தபடியே இரண்டு கையாலும் முட்டைகளைப் பாத்திர விளிம்பில் தட்டி உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று சந்தனத்தையும் துப்பட்டாவையும் தாண்டிக்கொண்டு ஒரு நாற்றம் வந்து என் நெற்றியில் அறைந்தது. கூமுட்டை. அழுகிப் பச்சை பாரித்த முட்டை ஒன்று உள்ளே விழுந்திருந்தது. அவன் அதையும் சேர்த்து மத்தால் கலக்கிக்கொண்டிருந்தான்.

நான் ஓடிப்போய்த் தென்னைமரத்தடியில் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் இன்னும் கலக்கிக்கொண்டிருக்கிறான்.

"டேய், நாத்தம் கொடலப் புடுங்குது, உனக்கு மூக்கு இல்ல?"

அவன் மத்தை நிறுத்தினான். பாத்திரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எதுலக்கா?" என்றான்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவனும் மறைக்கவில்லை. தொற்றுக் காலத்தில் வந்த காய்ச்சலோடு போன வாசனை திரும்பவே இல்லையாம். இனிப்பு, உப்பு, காரம் நாக்குக்குத் தெரியும். வேறு எதுவும் தெரியாது. மல்லிப்பூவும் சாக்கடையும் அவனுக்கு ஒன்று. அந்தக் கோழி கெட்டுப்போனதும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று நம்பித்தான் எடுத்துத் தின்றிருக்கிறான்.

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. சோத்துக் கடக்காரனுக்கு மூக்கு இல்லன்னா எவன்க்கா வந்து திம்பான்? மதாம் கிட்ட வாயத் தொறந்துடாத."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அந்த நாற்றத்தின் நடுவில் இரண்டையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. "மொதல்ல அதக் கொண்டு போய்க் கொட்டு" என்றேன்.

அன்றிலிருந்து நான் அவனுடைய மூக்கானேன். முட்டை என்றால் காத தூரம் ஓடுகிறவள், ஒவ்வொரு முட்டையும் தனிக் கிண்ணத்தில் உடைபட்டு என் முகத்துக்கு நேராக வர, குனிந்து முகர்ந்து தலையாட்டினேன். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் ஒரு ஓங்கரிப்பு. வெண்கருவின் அந்த வழவழப்பையும், கிண்ணத்தில் நழுவும்போது எழும் சத்தத்தையும் இப்போது நினைத்தாலும் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது. இரவுச் சோறு இறங்காது. தலைக்குச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் கூந்தலில் முட்டை. பள்ளியில் கரும்பலகையைத் துடைக்கும் துணியில்கூட முட்டை வாடை வருவதாகத் தோன்றியது. ஆனால் விடவில்லை. பாஸ்போர்ட் கேட்கும் ஏஜென்ட் வாரத்துக்கு ஒருமுறை அவனுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார்.

சுடுவதைப் பார்ப்பதும் அருவருப்புதான். கோழி சுற்றும் வேகத்துக்கு மாவு நிற்காது என்று மோட்டாரில் சக்கரத்தை மாற்றி வேகத்தைக் கூட்டியிருந்தான். ஊற்றிய மாவில் பாதி கட்டையில் ஒட்டும், பாதி கீழே தட்டில் ஒழுகும். ஒழுகியதை வழித்து மறுபடி மேலே ஊற்றுவான். "எச்சிலத் திரும்பத் திரும்ப ஊத்துற மாதிரி கீதுடா" என்பேன். "அப்படித்தான் போட்டிருக்குன்னு நீதானக்கா படிச்ச" என்பான். உண்மைதான், அப்படித்தான் போட்டிருந்தது. மாவு சுற்றும்போது வெளிப்பக்கம் இழுபட்டுச் சொட்டுச் சொட்டாக நின்று வேகும், சிறு சிறு முள்ளாக. ஒரு பூச்சு பொன்னிறமானதும் அடுத்த பூச்சு. கட்டை நன்றாகச் சூடேறிய பிறகு கொல்லை முழுக்க ஒரு வாசனை வரும். முட்டைக்கு அடியில், வெண்ணெய்க்கு அடியில், எனக்குப் பிடித்த ஏதோ ஒன்று. அந்த நேரம் மட்டும் குமட்டல் கொஞ்சம் அடங்கும். பதமாக வெந்ததற்கு அதுதான் அடையாளம் என்று நான் நினைத்தேன். தம்பியிடமும், "இதோ, இப்ப வருது பாரு நல்ல வாசன, நிறுத்து" என்று சொல்வேன்.

பார்ப்பதற்கு அழகாக வந்தது, அதில் பொய்யில்லை. காகிதத்தோடு கட்டையிலிருந்து உருவி நிறுத்தியபோது என் தம்பி கைகட்டிக்கொண்டு நின்று பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை வெள்ளைத் துணியில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு ஒயிட் டவுனுக்குப் போனோம்.

மதாம் சந்தோஷமாக வரவேற்றார். கணவரைக் கூப்பிட்டார், சமையலறைப் பெண்ணைக் கூப்பிட்டார். "எவ்வளவு அழகு! அங்க நான் பாத்த மாதிரியே இருக்கு" என்று கையைத் தட்டினார். கத்தியை வாங்கித் தானே ஒரு வளையம் அறுத்தார். உள்ளே வளையம் வளையமாகத் தெரிந்தது. தம்பி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். மதாம் துண்டை வாய்க்குக் கொண்டுபோனவர், உதட்டுக்கு முன்னால் நிறுத்தினார்.

அவருடைய மூக்கின் இரண்டு பக்கமும் சுருங்கின. மேலுதடு லேசாகத் தூக்கிக்கொண்டது. கண் ஓரம் இடுங்கியது. மரியாதைக்காக ஒரு கடி கடித்து, மெல்லாமல் வைத்திருந்து, காகிதத் துவாலையில் துப்பினார்.

"பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. இதுல கருவாட்டு வாடை வருதே."

"முட்ட வாடையா இருக்கும் மதாம்" என்றேன் நான்.

"முட்டை இல்லம்மா. மீன்."

கணவர் முகர்ந்தார், தள்ளி வைத்தார். சமையலறைப் பெண் கிட்டத்தில் வந்ததுமே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். மூன்று பேர் முகத்திலும் ஒரே சுளிப்பு. பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்த பிள்ளைகளின் முகம் அதுதான். எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்போது என் தம்பி நிமிர்ந்து நின்று சொன்னான்.

"இல்ல மதாம். எங்க அக்கா மோந்து பாத்துச்சு. எங்க அக்கா மூக்கு பொய் சொல்லாது."

அதைவிட அவன் என்னை அடித்திருக்கலாம். மதாம் நல்ல மனுஷி. எதிலோ பட்டிருக்கும், சரிசெய்து அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள், அதற்குப் பிறகு சீசன் வேலை தொடங்கிவிடும், காத்திருக்க முடியாது என்றார். கேக்கைத் திரும்பத் துணியில் சுற்றிக் கொடுத்தார். துணியின் முனையை இரண்டு விரல் நுனியால் மட்டும் பிடித்திருந்தார்.

கொல்லையில் அதை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். "நெசமா சொல்லுக்கா, மீன் வாட அடிக்குதா?" என்றான். கேக்கின் நடுப்பொந்துக்குள் மூக்கை நுழைத்து மூச்சை இழுத்தேன். முட்டை. வெண்ணெய். அதற்குக் கீழே அந்த நல்ல வாசனை. வேறு ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தேன். "எனக்குத் தெரிலடா" என்றேன். அக்கா தம்பி இரண்டு பேரும் ஒரே மாதிரி முழித்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் தம்பியின் பெண்டாட்டி, சங்கதி என்ன ஆயிற்று என்று கேட்டுப்போக வந்தாள். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பெண். காதல் கல்யாணம். வாசல் கேட்டைத் திறக்கும்போதே குரல் கொடுத்தாள்.

"இன்னா அண்ணி, காலையிலயே கருவாடு சுடுறீங்களா?"

நானும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள் கொல்லைக்கு வந்து கேக்கைப் பார்த்தாள், குனிந்து முகர்ந்தாள், பிறகு நேரே மிஷினுக்குப் போய் அந்தக் கட்டையை முகர்ந்தாள். "இதுலேருந்துதான் வருது. இன்னா மரம் இது? எண்ண கசியுது பாருங்க." சூட்டில் கட்டையின் உள்ளிருந்து பழைய சுறா எண்ணெய் முத்து முத்தாக வெளியே வந்திருந்தது. எனக்குப் பிடித்த அந்த நல்ல வாசனை அதுதான். எங்கள் வீட்டு வாசனை.

"இவ்ளோ நாத்தம் அடிக்குது, ரெண்டு பேருக்கும் தெரிலயா?" என்றாள்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டு தன் மூக்கு போன கதையைச் சொன்னான். அவள் இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், பாதியிலேயே வெடித்தாள். "அப்ப அந்தக் கோழிய எம் புள்ளைங்களுக்கும் ஊட்டி வுட்டியே, அதுவும் தெரியாமத்தானா?" என்று அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவருக்குக் காய்ச்சல்ல போச்சு. உங்களுக்கு இன்னா அண்ணி? கூமுட்டய தெருக்கோடியில கண்டுபுடிப்பீங்களே."

"மீன்ல எனக்கு வாட தெரியாதும்மா."

"நான் கல்யாணமாயி வந்த நாள்லேருந்து உங்க வூட்டுல எல்லார் மேலயும் இந்த வாடதான் அடிக்குது. தலகாணியில அடிக்குது, புடவையில அடிக்குது. மொத மாசம் நான் சோறு தின்னதே இல்ல. யாராவது கேட்டீங்களா?"

பெஞ்சில் தள்ளி உட்கார்ந்த பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. ஊரெல்லாம் நாறுகிறது என்று துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு நடந்த என் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை பேர் மூச்சை அடக்கிக்கொண்டு டிபன் சாப்பிட்டார்களோ தெரியாது. அவமானமாக இருந்தது. அதைவிட, வாயைத் திறந்து சொல்லாமல் இருந்தவர்கள் மேல் ஆத்திரமாக இருந்தது. உள்ளே போய் இரண்டு கையையும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி முகர்ந்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.

அதற்கப்புறம் வேலையை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். பிறந்த வீட்டிலிருந்து காய்ந்த பலாக்கட்டை ஒன்று வந்தது. மிஷினை மறுபடி காஸ்டிக் சோடாவில் குளிப்பாட்டினாள். பாத்திரம், கரண்டி, வடிகட்டித் துணி எல்லாம் அவள் வீட்டிலிருந்து. என்னை வாசற்படி தாண்ட விடவில்லை. "அண்ணி, நீங்க அங்கயே நின்னு அளவு மட்டும் சொல்லுங்க" என்றாள். முட்டையையும் அவளே முகர்ந்தாள், முகம் சுளிக்காமல். அடுத்த ஞாயிறு போன கேக்கை மதாம் ஒரு வளையம் முழுக்கத் தின்றார். தம்பியின் மூக்கு விஷயத்தையும் அவளே மதாமிடம் சொல்லிவிட்டாள். "மோந்து பாக்கறதுக்கு நான் இருப்பேன் மதாம், நான் இல்லாத நாள்ல இவர் அடுப்பே பத்த வெக்க மாட்டார்" என்றாள். மதாம் சம்மதித்தார். ஏஜென்ட் இப்போது போன் செய்வதில்லை.

சனிக்கிழமைகளில் அங்கே பெரிய கூட்டம். சுற்றுலா வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டே, விரலை நக்கிக்கொண்டே, முட்டை நாறும் அந்த வளையத்தைத் தின்கிறார்கள். நக்கிய விரலாலேயே செல்போனைத் தடவுகிறார்கள். பார்க்கச் சகிக்காது. இருந்தாலும் நான் வாராவாரம் போகிறேன், தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறேன்.

போன சனிக்கிழமை கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துத் தம்பி பெண்டாட்டி கிட்டே போனேன். தம்பி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். நான் பட்டுப் புடவை, தலை நிறைய மல்லி, கழுத்தில் பவுடர் என்று போயிருந்தேன். யாருக்கும் கேட்காத குரலில், "என் மேல இன்னும் அடிக்குதா?" என்று கேட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் தோள் பக்கம் குனிந்து ஒருமுறை மூச்சை இழுத்தாள்.

"அடிக்குது அண்ணி" என்றாள். "இன்னிக்கு வஞ்சிரமா?"

வஞ்சிரம்தான். காலையில் வறுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை குளித்திருந்தேன்.